உறையாத தண்ணீர்

ஆஸ்த்ரி வரைந்த படங்களில் ஒரு மனுஷன் கிடையாது, ஒரு மாடு கிடையாது, புகை விடுகிற ஒரு வீடுகூடக் கிடையாது. ஏரி, பிர்ச் மரம், மலை, பனி. மறுபடியும் பனி. எங்கள் பள்ளத்தாக்கில் இதைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "ஜன்னலைத் திறந்தா சும்மா தெரியுது, இதைப் போய்ச் சட்டம் போட்டு மாட்டணுமா?" என்பார்கள். ஓஸ்லோவிலிருந்து ஆட்கள் வந்து அந்தப் படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியதும், ஜன்னலைத் திறந்தவர்கள் எல்லாரும் பேசாமல் மூடிக்கொண்டார்கள்.

குளிர்காலத்தில் வெட்டவெளியில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மைனஸ் பதினைந்தில், தூரிகையை டப்பாவில் தோய்த்துத் தாளுக்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்து ஓவியர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீரில் பாதிக்குப் பாதி வோட்காவை ஊற்றிவிடுவார்கள். அது அத்தனை சுலபமாக உறையாது. வண்ணம் தாளில் நிதானமாகப் பரவும். ஆஸ்த்ரி முப்பது வருஷம் அப்படித்தான் வரைந்தாள். அவளுக்குக் குடிப்பழக்கம் இல்லை. அவள் பெட்டியிலிருந்த பாட்டிலைக் குடித்துத் தீர்த்ததெல்லாம் தாள்தான்.

குடித்தவன் அவள் தம்பி ஹால்வோர். இருபது வருஷம் குடித்தான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை போயிற்று, பெண்டாட்டி போனாள், கடைசியில் ஒரு நாள் சூட்கேஸும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, "நிறுத்திட்டேன்" என்றான். இதற்கு முன் நாலு தடவை நிறுத்தியவன்தான். ஆனாலும் ஆஸ்த்ரி அன்றைக்கே வண்ணப்பெட்டியிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் பனியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஏனென்று அவனிடம் சொல்லவில்லை. இனிமேல் குளிர்காலத்தில் ஏரிக்குப் போவதில்லை என்று முடிவு செய்ததையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை. அதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கென்னவோ அது பயம் என்றுதான் படுகிறது.

மூன்று குளிர்காலம் அப்படிப் போனது. ஹால்வோர் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆஸ்த்ரி கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பனியை வரைந்தாள். செத்துப்போன படங்கள். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அவளுக்கே அது தெரிந்தது.

நான்காவது குளிர்காலம் தொடங்கும்போது கண் போக ஆரம்பித்தது. எதையாவது நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் கறை. பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரிந்தது. அதற்கு அப்போது வைத்தியம் இல்லை. அடுத்த வருஷம் இதே நேரத்துக்குப் படம் வரைகிற பார்வை இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பேருந்தில் திரும்பி வந்து, உருளைக்கிழங்கு வேகவைத்து, தம்பிக்குப் பரிமாறிவிட்டு, படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஹால்வோர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, உன்னை ஒண்ணு கேக்கணும்."

எங்கள் ஊரில் ஒருத்தர் இப்படி ஆரம்பித்தால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆஸ்த்ரி ரொட்டிமேல் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள்.

"கேளு."

"மூணு வருஷமா குளிர்காலத்துல நீ ஏன் ஏரிப்பக்கம் போறதில்ல?"

"முட்டி வலி."

"போன வாரம் கூரைமேல ஏறி நின்னு பனி தள்ளினாளே, அது யாரு? முட்டி வலிக்காரியோட தங்கச்சியா?"

அவள் மறுபடியும் ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

"என்னாலதான. அந்த பாட்டிலாலதான."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் கொஞ்சம் மூளை இருக்குன்னு ஊர்ல பேசிக்கிறாங்க." சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். "டாக்டர் சொன்னதும் தெரியும். அஞ்சல் போடற தூரா சொல்லிட்டா. அடுத்த வருஷம் உனக்கு என் மூஞ்சிகூடத் தெரியாதாமே."

"அது ஒண்ணுதான் இதுல எனக்கு ஆறுதல்."

"விளையாடாத. கண்ணு இருக்கிற கடைசிக் குளிர்காலம், இதையும் எனக்காக நீ அடுப்படியில கழிக்கிறதுன்னா, அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது? ஒரு பாட்டிலோட ஒரு வீட்ல இருக்க முடியாதுன்னா நான் எதைத்தான் நிறுத்தினேன், சொல்லு."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். வாய்வரை வந்தது. ஆனால் லாங்வாட்ன் ஏரியின் மறுகரையில், மதியம் தாண்டியதும் பனியில் விழுகிற அந்த நீல நிழல் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அதற்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தால் எங்கள் ஊரில் சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் ஹால்வோர் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய் அரசாங்க மதுக்கடையில் வாங்கிக்கொண்டு வந்தான். மேஜை நடுவில் பாட்டிலை நிறுத்தினான்.

"மூடியைப் பாத்துக்க. திறக்கல."

"நான் ஏன் பாக்கணும்?"

"பாருன்னு சொல்றேன்ல."

தலையைச் சாய்த்துக் கண்ணோரத்தால் பார்த்தாள். பாட்டிலைவிட அவன் முகம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பையனுடைய முகம். அவன் அப்படி எந்தப் பரிசும் வாங்கியதில்லை.

"எங்கயாவது எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.

"ஒளிச்சு வெக்கிறதா? அதெல்லாம் வேணாம். மாவு டப்பா பக்கத்துல வை. போகவர எல்லாரும் பாக்கட்டும்."

அவன் நினைத்தது போல மறுநாளே கிளம்ப முடியவில்லை. புயல் பிடித்துக்கொண்டது. நாலு நாள் பனி கொட்டியது. வாசற்படி தெரியவில்லை, அஞ்சல் வரவில்லை, இரண்டு பேரும் ஒரு பாட்டிலும் ஒரே வீட்டுக்குள் கிடந்தார்கள். இரண்டாம் நாள் மாவு எடுக்கப் போன ஆஸ்த்ரி, தன்னையறியாமல் பாட்டிலின் மூடியைத் தடவிப் பார்த்தாள். அப்படியே இருந்தது. அவளுக்குத் தன்மேல் வெட்கமாகப் போயிற்று. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவனை இப்படித் தடவிப் பார்ப்பதா? மாவு டப்பாவைத் தூக்கி வேறு அலமாரியில் வைத்தாள், இனி அந்தப் பக்கம் கண் போகவே கூடாது என்று. அவள் செய்த தப்பு இதுதான் என்று தூரா பின்னால் சொன்னாள். இதைத் தப்பு என்று சொல்ல எங்களில் யாருக்குத் தகுதி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் டப்பாவைத்தான் நகர்த்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. மைனஸ் பதினெட்டு. காற்றே இல்லை. ஆஸ்த்ரி அதிகாலையிலேயே எழுந்து தூரிகைகளைத் துணியில் சுற்றி, பலகையில் தாளை இழுத்து ஒட்டி, ஃபிளாஸ்க்குகளில் காப்பியும் வெந்நீரும் ஊற்றினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் வாய் தானாக ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தது. ஹால்வோர் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஏதோ சொல்லப்போகிறவன் போல இருந்தான். அவள் திரும்பிச் சிரித்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. சறுக்குவண்டியில சாமானை ஏத்தறேன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இத்தனை நேரம் என்னடா பண்ணுகிறாய் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

புதுப்பனியில் நடக்கும்போது எப்போதும் அவன்தான் முன்னால் போய்த் தடம் போடுவான். அன்றைக்கு, "நீ முன்ன போ, இடம் உனக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். வழியெல்லாம் பேசினான். அப்பாவுடைய குதிரை பாதிரியாரின் தொப்பியைத் தின்ற கதையைச் சொன்னான். அதை இரண்டு தடவை சொன்னான். அக்காவுக்காகத் தம்பி சந்தோஷப்படுகிறான் என்று ஆஸ்த்ரி நினைத்துக்கொண்டாள். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஏரிமேல் ஒரு காலடி இல்லை. அந்த அமைதியில் அவளுடைய மூச்சே அவளுக்குச் சத்தமாகக் கேட்டது.

மான்தோலை விரித்து உட்கார்ந்தாள். ஹால்வோர் டப்பாவில் பாட்டிலிலிருந்து பாதி, ஃபிளாஸ்க் வெந்நீரில் பாதி ஊற்றி அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தான். ஒருமுறை மோந்து பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்தால் அது தண்ணீரை மோப்பதாகாது, தம்பியை மோப்பதாகும். அவள் மூக்கைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் அந்தப் பாறைக்கு அந்தாண்ட துளை போட்டுத் தூண்டிலோட உக்காந்திருக்கேன்," என்றான். "உனக்குத் தொந்தரவு இல்லாம."

"குளிருச்சுன்னா வந்துடு."

"குளிரா? எனக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வானத்தை அவள் எப்போதும் கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் இழுப்பாள். தண்ணீர் அதிகம் வேண்டாம், கை மட்டும் வேகமாகப் போக வேண்டும். கண்ணோரத்தால் மலையைப் பார்ப்பதும், கண்ணோரத்தால் தாளைப் பார்ப்பதுமாக வரைந்தாள். நன்றாகத்தான் வந்தது. வெயில் மலை முதுகை நோக்கி இறங்கியது. மறுகரையில் நீலம் ஊறத் தொடங்கியது. இதற்காகத்தான் வந்தாள். பெரிய தூரிகையை டப்பாவில் முக்கி, நீலத்தை நிறையக் குழைத்து, ஏரியின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இழுத்த இடத்திலேயே வண்ணம் நின்றது. ஓரத்தில் ஊசி ஊசியாக ஏதோ முளைத்தது. ஊசி கிளைவிட்டது, கிளை இலைவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் பனி பூப்பதுபோல அவள் கண்முன்னால் தாளில் பூத்துக்கொண்டே போனது. டப்பாவைப் பார்த்தாள். மேலே மெல்லிய ஏடு. அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

கிணற்றுத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கொட்டகையில் ஆன அரைமணி நேரம், பின்னால் நடந்து வந்தது, இரண்டு தடவை சொன்ன குதிரைக் கதை. பாறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். எழுந்திருக்கக் காலையும் ஊன்றினாள். அப்புறம் மறுகரையைப் பார்த்தாள்.

நீலம் அதன் உச்சத்தில் இருந்தது. இருபது நிமிஷம் நிற்கும், அதற்குமேல் நிற்காது. அடுத்த வருஷம் அவளுக்கு அது இல்லை.

குடித்தது குடித்தாயிற்று என்று நினைத்தாள். இப்போது போய் நான் என்ன சொல்லப் போகிறேன்? அழப்போகிறானா, சத்தியம் பண்ணப்போகிறானா? எல்லாம் கேட்டதுதான், ஐந்தாவது தடவையாகக் கேட்பேன். இருபது நிமிஷம் கழித்துக் கேட்கிறேன். அவளுக்குக் கோபம் பொங்கியது. மூன்று வருஷத்தை இவனுக்குக் கொடுத்தேன், இருபது நிமிஷம் எனக்கு வேண்டும். காலை மடக்கி மறுபடியும் மான்தோலில் உட்கார்ந்தாள். தண்ணீர் உறைந்தால் உறையட்டும் என்று தூரிகையை முக்கினாள். கோபத்தோடும் வரைந்தாள், சந்தோஷத்தோடும் வரைந்தாள். அந்தச் சந்தோஷத்தை அவள் பிறகு மறைக்கவில்லை. தூராவிடம் சொன்னபோது அதையும் சேர்த்தே சொன்னாள்.

வெளிச்சம் போனதும் பலகையை அப்படியே பனிமேல் வைத்துவிட்டுப் பாறையைச் சுற்றிப் போனாள்.

ஹால்வோர் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோட்டுப் பொத்தான் எல்லாம் திறந்திருந்தது. தொப்பியையும் கையுறைகளையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தான். தூண்டில் நூலைச் சுற்றித் துளை மூடத் தொடங்கியிருந்தது. அவன் நடுங்கவில்லை. குளிரில் நடுங்குகிறவனைக் காப்பாற்றலாம். நடுக்கம் நின்றவனைப் பற்றி எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"ஹால்வோர். டேய். எப்படா குடிச்ச?"

"காலையில." வார்த்தை மெதுவாக வந்தது. "மொத்தத்தையும். கொட்டகையில. நாலு நாளா அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு அக்கா."

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ பாடிக்கிட்டு இருந்த."

அவள் அவன் கோட்டை இழுத்து மூடினாள். பொத்தான் அகப்படவில்லை, கண்ணுக்கு நடுவே அந்தக் கறை. விரலால் தடவித் தடவிப் போட்டாள்.

"கூப்பிட்டிருக்கலாமேடா. நூறு அடியில இருந்தேனே."

"வெளிச்சம் போயிடுமில்ல," என்றான். பிறகு, "வந்துச்சா? படம்?" என்று கேட்டான்.

"வந்துச்சு," என்றாள்.

"அப்ப சரி."

அவனைச் சறுக்குவண்டியில் உருட்டிப் போட்டு, மான்தோலைச் சுற்றிக் கட்டி, கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தாள். அறுபத்திரண்டு வயசு. கைபேசியெல்லாம் இல்லாத காலம். சத்தம் போட்டாலும் மலைதான் கேட்கும். தான் வந்த தடத்தைக் கண்ணோரத்தால் தேடித் தேடிப் போனாள். பாதி தூரம்வரை அவன் உம் கொட்டினான். அப்புறம் கொட்டவில்லை. அவள் குதிரைக் கதையைச் சொல்லிக்கொண்டே இழுத்தாள், எங்காவது ஓர் இடத்தில் சிரிப்பான் என்று.

புயலில் தேங்கிய அஞ்சலோடு வந்த தூரா கரையில் இருந்தாள். பள்ளத்தாக்கில் மோட்டார் பனிவண்டி வைத்திருந்த இரண்டு பேரில் ஒருத்தி. அவள்தான் அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள். வழியிலேயே போய்விட்டான்.

சவப்பெட்டியை இறக்கிய அன்று பாதிரியார் நன்றாகப் பேசினார். மூன்று வருஷம் குடிக்காமல் இருந்ததைச் சொன்னார், கடைசி நாளைச் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஆஸ்த்ரி வீட்டுக் காப்பிக்கு ஊரே வந்தது. வாஃபிள் தின்றார்கள், வானிலை பேசினார்கள், ஆஸ்த்ரியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாரும் போனபின் தூரா மட்டும் நின்றாள். வண்டியிலிருந்து துணி சுற்றிய பலகையை எடுத்து வந்து சமையலறை மேஜையில் வைத்தாள்.

"மறுநாள் போய் எடுத்தேன். ஏரிமேலயே கிடந்துச்சு. கெட்டுப்போயிருக்கும்னு நெனச்சேன். கெடலடி. என்னமோ ஆயிருக்கு, பாரு."

பனி பூத்த வண்ணத்தை உடனே வீட்டுக்குள் கொண்டுவந்தால் அது இளகி, பூவெல்லாம் கரைந்து வெறும் கறையாகிவிடும். இது ஒரு இரவும் பகலும் அந்தக் குளிரிலேயே கிடந்ததால், ஐஸ் உருகாமலே காய்ந்து போய்விட்டது. ஏரி முழுக்க நீலத்தில் இலையும் கிளையுமாக நின்றது. அந்த மாதிரி ஒன்றைக் கையால் வரைய முடியாது.

ஆஸ்த்ரி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணோரத்தால் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டர் என்கிட்ட சொன்னாருடி," என்றாள் தூரா. "அவனோட இதயம் ஏற்கனவே மோசமாம். முன்னாலயே கொண்டுவந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

"முன்னாலயேன்னா எவ்வளவு முன்னால?"

"அதெல்லாம் சொல்லல."

"இருபது நிமிஷம்னு கேட்டியா?"

தூராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்த்ரி அவள் கையைப் பிடித்து இழுத்து, விரலைத் தாளின்மேல் வைத்தாள். வானம் முடிந்து ஏரி தொடங்குகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே, முதல் ஊசி முளைத்த இடத்தில்.

"இங்கதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன் குடிச்சிருக்கான்னு. இதுக்கு மேல இருக்கிறதெல்லாம் தெரியாம வரைஞ்சது. கீழ இருக்கிறதெல்லாம் தெரிஞ்சு வரைஞ்சது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மாவு டப்பாவை நகர்த்தியதிலிருந்து கடைசிவரை. எங்கள் ஊரில் அப்படி ஒருத்தி இன்னொருத்தியிடம் உட்கார்ந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தூரா இடையில் ஒரு தடவை காப்பி ஊற்றினாள், யாரும் குடிக்கவில்லை.

"இதை எரிச்சுடலாமா?" என்று தூரா கடைசியில் கேட்டாள்.

"என் பார்வை இப்ப நம்பற மாதிரி இல்ல. உனக்குப் படம்னா என்னன்னு தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. அதனால உன்னைக் கேக்கறேன். மேல நல்லா இருக்கா, கீழ நல்லா இருக்கா?"

தூரா பலகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

"சொல்லுடி."

"கீழதான்," என்றாள் தூரா.

"ஆமா," என்றாள் ஆஸ்த்ரி. "எனக்கும் அப்படித்தான் தோணுது."